நிலாக் காலத்து நோம்பியில் நெருப்பைப் படம் எடுக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பங்குனி பிறந்தால் கொங்கு நாட்டில் ஊருக்கு ஊர் அம்மன் நோம்பி (திருவிழா) சாட்டிவிடுவார்கள். ஈரோட்டிலும் உடுமலையிலும் கம்பம் நடுவார்கள். பண்ணாரியிலும் பெருமாநல்லூரிலும் குண்டம் மூட்டுவார்கள். கரூரில் வைகாசி வரை இது நீளும். இந்த இரண்டு மூன்று மாதமும் என்னிடம் வந்து சேரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம். கம்பம் என்பது கோயில் முன்னால் நடப்படும் முக்கிளை மரம். இரவில் அதன் உச்சியில் எரியும் சட்டியை வைப்பார்கள். அந்தச் சட்டிதான் பூவோடு. கம்பத்தைச் சுற்றி இளவட்டங்கள் ஆடுவார்கள். குண்டம் என்பது விறகை எரித்துத் தணலாக்கி, பக்தர்கள் இறங்கி நடக்கும் தீக்குழி.

ஏனுங்க, பௌர்ணமி நிலா அத்தனை வெளிச்சமா இருக்குது. அப்புறம் ஏன் போட்டோவுல நெருப்பைத் தவிர எல்லாமே கருப்பா வருது?

ஏனென்றால் அந்த வெளிச்சம் நம் கண்ணுக்குத்தான் வெளிச்சம். முழு நிலாவின் ஒளி, சூரிய ஒளியில் ஏறக்குறைய நாலு லட்சத்தில் ஒரு பங்கு. கண் இருட்டுக்குப் பழகிக்கொள்ளும். நெருப்பைப் பார்க்கும்போது சுருங்கி, வயலைப் பார்க்கும்போது விரிந்து, இரண்டையும் ஒரே காட்சியாக நமக்குக் காட்டிவிடும். கேமராவால் அப்படி மாறி மாறிப் பார்க்க முடியாது. ஒரு படத்துக்கு ஒரே அளவுதான்.

கணக்கில் சொன்னால், எரியும் குண்டத்துக்கும் நிலா படும் தரைக்கும் நடுவே 11, 12 ஸ்டாப் வித்தியாசம் இருக்கும். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு. ஆக, இரண்டாயிரத்திலிருந்து நாலாயிரம் மடங்கு. நல்ல கேமரா குறைந்த ஐஎஸ்ஓவில் (கேமராவின் ஒளியுணர்திறன் அளவு) 12 முதல் 14 ஸ்டாப் வரை தாங்கும் என்று சொல்வார்கள்தான். ஆனால் ராத்திரியில் ஐஎஸ்ஓவை ஏற்றியதுமே அந்தத் தாங்கும் சக்தி இறங்கிவிடும். அதனால் படம் கருப்பாக வருவது உங்கள் கேமராவின் கோளாறு இல்லை. எது வேண்டும் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். என்னைக் கேட்டால், நோம்பியில் நெருப்பும் நெருப்பு வெளிச்சம் விழுந்த முகமும் போதும். மிச்சம் இருட்டாகவே இருக்கட்டும்.

ரெண்டும் வேணும்னா வழியே இல்லீங்களா?

இருக்கிறது. ஆனால் அதற்கு ராத்திரி வரை காத்திருக்கக் கூடாது. நம் பக்கம் பங்குனி, சித்திரையில் சூரியன் 6:30 மணி வாக்கில் விழும். அதன்பின் சுமார் 20 நிமிடத்தில் வானம் கருநீலமாகும். நெருப்பின் அளவுக்கு அருகில் வந்து நிற்கும். நம் ஊரில் அந்தி சீக்கிரம் முடிந்துவிடும் என்பதால் 6:45க்கும் 6:55க்கும் இடையில் கிடைக்கும் பத்து நிமிடம்தான் சொத்து. கம்பத்தில் பூவோடு ஏறும் நேரம் அந்தியோடு ஒத்துப்போகும் ஊராக இருந்தால் யோசிக்காமல் அங்கே போய் நில்லுங்கள்.

குண்டத்துக்கு இன்னொரு வாய்ப்பு விடியற்காலையில் உண்டு. பண்ணாரியில் அதிகாலை 4 மணி வாக்கில் இறங்கத் தொடங்கினால் வரிசை பொழுது விடிந்தும் முடியாது. சூரியன் எழுவதற்கு இருபது நிமிடம் முன்பு, வானம் நீலம் பாய்ந்திருக்கும்போது, தணலும் தெரியும், மலையும் தெரியும். முழுசாக விடிந்துவிட்டால் தணல் சாம்பல் நிறமாகத் தெரிய ஆரம்பிக்கும். அதற்குள் எடுத்துவிட வேண்டும்.

பௌர்ணமி அன்னிக்கே போகோணுமா, முன்னப்பின்ன போனா ஆகாதா?

நிலாவும் படத்தில் வேண்டும் என்றால் பௌர்ணமிக்கு முதல் நாளே நல்லது. பௌர்ணமியன்று நிலா சூரியன் விழும் நேரத்தை ஒட்டித்தான் எழும். நான் மேலே சொன்ன பத்து நிமிடத்தில் அது இன்னும் தென்னை மரத்துக்குப் பின்னால்தான் இருக்கும். முதல் நாள் ஏறக்குறைய 50 நிமிடம் முன்னதாகவே எழுந்துவிடுவதால், அதே நேரத்தில் மரங்களுக்கு மேலே வந்து நிற்கும். வட்டத்தில் குறைந்திருக்கும் சிறு பங்கு யார் கண்ணுக்கும் தெரியாது.

எந்த செட்டிங்ல ஆரம்பிக்கறதுன்னு நெம்பரா சொல்லிப்போடுங்க.

மேனுவலில் வையுங்கள். எஃப் எண் லென்ஸ் துளையின் அளவு, எண் குறைந்தால் துளை பெரிது. ஷட்டர் என்பது ஒளி உள்ளே விழும் நேரம், 1/250 என்றால் விநாடியில் 250ல் ஒரு பங்கு. கொழுந்துவிட்டு எரியும் நெருப்பின் வடிவம் மட்டும் போதும் என்றால் ஐஎஸ்ஓ 400, எஃப் 2.8, ஷட்டர் 1/250. நெருப்பைச் சுற்றி நிற்பவர்களின் முகம் வேண்டும் என்றால் ஐஎஸ்ஓ 1600, எஃப் 2.8, 1/125. கொழுந்து அடங்கித் தணலானபின் அதே ஐஎஸ்ஓவில் 1/60 வரை இறங்கலாம். கேமராவோடு வந்த லென்ஸ் எஃப் 4க்குக் கீழே போகாது என்றால் ஐஎஸ்ஓவை இரண்டு மடங்காக்கிக் கொள்ளுங்கள்.

இது ஆரம்பம்தான். காய்ந்த தென்னை மட்டை போட்டால் ஆள் உயரத்துக்கு எழும்பி ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும். வெள்வேலான் கட்டை நின்று எரியும். விறகைப் பார்த்து அளவை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். புது லென்ஸ் வாங்குகிற எண்ணம் இருந்தால் 50 மிமீ எஃப் 1.8 ஒன்று போதும். விலை உயர்ந்த ஜூம் லென்ஸைவிட அதுதான் இந்த வேலைக்கு உதவும்.

ஆட்டோவுலயே விட்டா ஏன் நெருப்பு வெள்ளைத் திட்டாப் போயிருது?

கேமராவின் மீட்டர் படம் முழுவதையும் பார்த்து நடுவாந்திரமான வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். படத்தில் முக்கால்வாசி இருட்டு என்றால், இருட்டை வெளுப்பாக்க முயன்று நெருப்பை எரித்துவிடும். ஆட்டோவை விட மனசில்லை என்றால் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) மைனஸ் 1 அல்லது மைனஸ் 2க்கு இறக்குங்கள். அப்போதும் யாராவது எண்ணெய் ஊற்றிக் கொழுந்து எழும்பியதும் அளவு தடுமாறும். மேனுவல் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது அதனால்தான்.

இன்னொரு விஷயம். ஹிஸ்டோகிராமை (கேமரா காட்டும் வெளிச்ச வரைபடம்) மொத்தமாகப் பார்க்காமல் சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரித்துப் பாருங்கள். நெருப்பில் முதலில் முட்டுவது சிவப்புதான். மொத்த வரைபடம் நன்றாகவே தெரியும். சிவப்பு மட்டும் வலது ஓரத்தில் போய் நசுங்கி நிற்கும். அப்படி ஆனால் நெருப்பின் உள்ளே இருக்கும் ஆரஞ்சு, மஞ்சள் மடிப்புகள் எல்லாம் ஒரே பூச்சாகிவிடும். பிறகு கம்ப்யூட்டரில் என்ன செய்தாலும் திரும்ப வராது. கொழுந்தின் அடிவயிறு சின்னதாக வெளுத்தால் பரவாயில்லை. நாக்குகள் வெளுக்கக் கூடாது.

கேமரா இல்லீங். போன்தான் வெச்சிருக்கறேன். ஆகுங்களா?

நன்றாகவே ஆகும். நெருப்பின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடியுங்கள். ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பிறகு பக்கத்தில் தெரியும் சூரியக் குறியைக் கீழே இழுத்து, கொழுந்துக்குள் நிறம் பிரிந்து தெரியும் வரை இருட்டாக்குங்கள். திரையில் சுற்றுப்புறம் எல்லாம் காணாமல் போகும்போது கை தானாக மேலே இழுக்கப் பார்க்கும். இழுக்காதீர்கள். புரோ மோடு இருந்தால் மேலே சொன்ன எண்களைச் சற்று முன்பின்னாக அப்படியே போடலாம்.

ஜூமைத் தொடாமல் இரண்டு எட்டு நகர்ந்து எடுங்கள். பக்கவாட்டில் நகருங்கள், நெருப்பை நோக்கி வேண்டாம். போனும் சூடாகும். சூடு ஏறினால் திரை மங்கும், சில போன்களில் கேமராவே நின்றுவிடும். பத்துப் படம் எடுத்ததும் போனைக் கொஞ்ச நேரம் நெருப்பு பார்க்காமல் திருப்பிப் பிடியுங்கள்.

நைட் மோடை ஏனுங்க ஆஃப் பண்ணச் சொல்றீங்க? ராத்திரிக்குன்னுதானே குடுத்திருக்கறான்?

அது அசையாத பொருளுக்குக் கொடுத்தது. நைட் மோடில் போன் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்க்கிறது. கோபுரம் நிற்கும். நெருப்பு நிற்குமா? ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு வடிவம். எல்லாம் சேர்ந்து பஞ்சுப் பொதியாகிவிடும். ஆடுபவர்களுக்கு மூன்று கை முளைக்கும். அது உதவும் ஒரே இடத்தைப் பின்னால் வரும் கொரங்காட்டு (மேய்ச்சல் நிலம்) கேள்வியில் சொல்கிறேன்.

பிளாஷ் போட்டா மூஞ்சி நல்லாத் தெரியுமில்லீங்?

முகம் தெரியும், நோம்பி தெரியாது. பிளாஷ் வெளிச்சம் பகல் வெளிச்சம் போல வெள்ளை. நெருப்பின் வெளிச்சம் அதைவிட எவ்வளவோ சிவப்பு. வெள்ளை வெளிச்சம் அடித்த நொடியில் முகத்தில் விழுந்திருந்த ஆரஞ்சு செத்துப்போகும். பின்னால் எரியும் நெருப்பு ஒட்டவைத்த படம் போல நிற்கும். தீச்சட்டி ஏந்தி வருபவரின் கண்ணில் பிளாஷ் அடிப்பது ஆபத்தும்கூட. ஒரு நொடி கண் கூசினால் கையில் இருப்பது நெருப்பு. முகம் இருட்டாக இருந்தால் நீங்கள் நிற்கும் இடம் தவறு என்று அர்த்தம். நெருப்பைப் பார்த்து நிற்பவரின் முகம் தெரியும் பக்கமாகச் சுற்றி வாருங்கள்.

நெருப்போட நெறம் ஒரு படத்துல மஞ்சளா, ஒரு படத்துல வெளுப்பா, மாறி மாறி வருதே?

ஒயிட் பேலன்ஸ் (ஒளியின் நிறத்துக்கு ஏற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) ஆட்டோவில் இருக்கிறது. ஒளியின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், நெருப்பு சுமார் 1,900 கெல்வின். ஆட்டோ அதைச் சரிசெய்கிறேன் என்று நீலத்தைக் கலந்து சூட்டை எடுத்துவிடும். அதுவும் படத்துக்குப் படம் வேறு வேறு அளவில். பகல் வெளிச்சக் குறியில் நிறுத்திவிடுங்கள். ரொம்பச் சிவந்தால் 3,500, 4,000 என்று எண் போட்டு வையுங்கள். எதை வைத்தாலும் இரவு முழுக்க அதையே வையுங்கள். ரா (RAW) கோப்பாக எடுத்தால் இதைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம், பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

சில சமயம் ஒரு நொடி பளிச்சென்று மஞ்சள் தூக்கும். யாரோ உப்பை நெருப்பில் போட்டிருப்பார்கள். உப்பில் இருக்கும் சோடியத்தின் நிறம் அது. கேமராவைக் குறை சொல்லாதீர்கள்.

நாக்கு நாக்கா தெரியற நெருப்புக்கு என்ன ஸ்பீடு? பொறி கோடு கோடாப் பறக்கறதுக்கு என்ன ஸ்பீடு?

நாக்குக்கு 1/250 முதல் 1/500. கொழுந்தின் ஓரம் கிழிந்த துணி மாதிரி கூர்மையாக நிற்கும். 1/30க்கு வந்தால் பட்டு போல வழவழப்பாகும், அதுவும் ஒரு அழகுதான். ஒரு விநாடி வைத்தால் நெருப்பு வெறும் வெளிச்சக் குவியல்.

பொறிக்கு நேர்மாறு. ட்ரைபாடில் வைத்து, நெருப்பைப் படத்தின் கீழ் ஓரத்துக்குத் தள்ளி அல்லது முழுசாக வெளியே விட்டு, வானத்தைப் பார்த்து கால் விநாடி முதல் ஒரு விநாடி. ஐஎஸ்ஓ 200, எஃப் 8 என்று ஆரம்பியுங்கள். பொறி சும்மா பறக்காது. குண்டத்தில் கட்டை சரிந்து விழும்போதும், நீண்ட மூங்கில்களால் தணலைத் தட்டிச் சமன் செய்யும்போதும்தான் கொத்தாகக் கிளம்பும். மூங்கில் இறங்குவதைப் பார்த்து அமுக்கினால் தாமதமாகிவிடும். அது மேலே போகும்போதே விரலைத் தயாராக வையுங்கள்.

கம்பத்துல ஆடறவங்க எல்லாம் கலங்கலா வர்றாங்க, என்ன பண்ணட்டும்?

ஷட்டர் 1/125க்குக் குறையாமல் வையுங்கள் என்பது பாதி பதில். மீதி பதில் தாளத்தில் இருக்கிறது. கம்பத்தாட்டத்தில் அடி மாறும் இடத்தில் எல்லோரும் உடம்பைத் திருப்புவார்கள். திரும்பி முடிக்கும் கணத்தில் கையும் காலும் ஒரு இமைப்பொழுது நிற்கும். பத்து நிமிடம் கேமராவை இறக்கிவிட்டுப் பறை அடியை மட்டும் கேட்டுக்கொண்டிருங்கள். அந்த நிறுத்தம் எப்போது வரும் என்று பிடிபட்டுவிடும். அப்புறம் 1/60லேயே கூர்மையான முகம் கிடைக்கும். ஓடும் வேட்டி நுனி மட்டும் கலங்கும். அந்தக் கலங்கல் இருக்கட்டும், ஆட்டம் என்று காட்டுவதே அதுதான்.

கம்பத்தில் இன்னொரு சங்கடம், வெளிச்சம் தலைக்கு மேலிருந்து வருகிறது. கண்குழி இருண்டுவிடும். ஆடுபவர் கம்பத்தைப் பார்த்துத் தலையை நிமிர்த்தும்போது எடுங்கள். நீங்கள் கம்பத்துக்கு எதிர்ப்பக்கம், கொஞ்சம் உட்கார்ந்த நிலையில் இருந்தால் நல்லது. பகலெல்லாம் பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியிருப்பதால் கம்பத்தடி ஈரமாகவே இருக்கும். தாழ்வாக உட்கார்ந்தால் அந்தச் சேற்றில் பூவோட்டின் வெளிச்சம் நீளமாக விழுந்து கிடப்பது தெரியும். வேப்பிலைகூட அதில் மினுங்கும். நின்றுகொண்டே எடுப்பவர்களுக்கு இது கிடைக்கவே கிடைக்காது.

படத்துல குறுக்கால கருப்பு வரி வரியா வருது. போன் போச்சுங்களா?

போன் போகவில்லை. பந்தலில் கட்டியிருக்கும் சீரியல் செட் வேலை அது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் விநாடிக்கு 100 தடவை அணைந்து எரியும். வேகமான ஷட்டரில் அந்த அணைவு வரியாகப் பதிகிறது. 1/100 அல்லது 1/50 வைத்தால் பெரும்பாலும் போய்விடும். ஜெனரேட்டரில் ஓடினால் கொஞ்சம் அடம்பிடிக்கும். விளக்கு படத்திலேயே விழாத மூலையாகப் பார்த்து நிற்பது இதைவிடச் சுலபம்.

ஃபோகஸ் நிக்கவே மாட்டேங்குதுங்க. முன்னையும் பின்னையும் ஓடுது.

நெருப்பைக் குறிவைத்தால் அப்படித்தான் ஓடும், அது ஓரிடத்தில் நில்லாத பொருள். நெருப்பு இருக்கும் அதே தூரத்தில் உள்ள வேறொன்றின் மேல் வையுங்கள்: கம்பத்தின் கிளை, குண்டத்தின் ஓரத்துச் செங்கல், பக்கத்தில் நிற்பவரின் சட்டைக் காலர். பிடித்ததும் மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றிவிடுங்கள்.

ஃபோகஸ் சரியாக இருந்தும் முகம் தண்ணீருக்குள் இருப்பது போல நெளிந்தால் அது அனல். நெருப்புக்கு மேலாகவோ ஊடாகவோ எதிர்ப்பக்கத்து ஆளை எடுக்கிறீர்கள். எந்த லென்ஸாலும் அதைத் தீர்க்க முடியாது. பக்கவாட்டுக்கு வந்து, காற்று உங்கள் முதுகில் அடிக்கும்படி நில்லுங்கள். வைகாசியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிளம்பிவிட்டால் புகை பெரும்பாலும் கிழக்கே சாயும். அப்போது மேற்குப் பக்கம் நிற்பவர் தப்பித்தார்.

தணல் நேர்ல செக்கச் செவேல்னு இருக்குது, போன்ல ஊதா கலர்ல வருதே?

நல்ல கேள்வி, பலர் கவனிப்பதே இல்லை. தணலிலிருந்து வருவதில் பெரும்பகுதி நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. கேமராவுக்குள் அதைத் தடுக்க ஒரு வடிகட்டி இருக்கும். சில போன்களில் அது முழுசாகத் தடுப்பதில்லை. கசிந்து வரும் அகச்சிவப்பைச் சென்சார் நீலம், சிவப்பு இரண்டிலும் பதிந்துகொள்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஊதா.

எடுக்கும்போது வெளிச்சத்தை இன்னும் ஒரு படி இறக்கினால் பாதி குறையும். மீதியை எடிட்டிங்கில் ஊதா, மெஜந்தா இரண்டின் அடர்த்தியை மட்டும் குறைத்துச் சரிசெய்யலாம். படம் முழுவதற்கும் மஞ்சள் பூசாதீர்கள். வேட்டி, திருநீறு எல்லாம் காமாலை பிடித்த மாதிரி ஆகிவிடும்.

கம்பத்து நெருப்புக்குப் பின்னால நிலா பெருசா நிக்கற மாதிரி எடுக்கறாங்களே, அது நெசமா, ஒட்டவெச்சதா?

இரண்டு வகையும் உண்டு. நிஜமாக எடுக்க வேண்டும் என்றால் தூரம்தான் ரகசியம். ஒரு பொருளின் அகலத்தைப் போல ஏறக்குறைய 110 மடங்கு தூரம் பின்னால் போய் நின்றால், அது நிலாவின் அகலத்துக்குச் சமமாகத் தெரியும். இரண்டு மீட்டர் அகலத்துக்கு எரியும் நெருப்பு என்றால் 220 மீட்டர். அங்கிருந்து 400 மிமீ லென்ஸில் எடுத்தால் இரண்டும் சம அளவில் விழும். கிட்டே நின்று அகல லென்ஸில் எடுத்தால் நிலா ஒரு பொட்டுதான்.

வெளிச்சக் கணக்கு இங்கே தலைகீழாகும். நிலா வெளிச்சம் படும் தரை மங்கல், ஆனால் நிலா வெயிலில் காயும் பாறை. உச்சியில் இருக்கும் நிலா, நெருப்பைவிட நாலு ஸ்டாப் வரை அதிகப் பிரகாசம். அடிவானத்தில் தூசிக்குள் சிவப்பாக எழும்போது அந்த வித்தியாசம் வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே எழுந்த முதல் கால் மணி நேரம்தான் காலம். நிலா தன் அகலத்தைச் சுமார் இரண்டு நிமிடத்தில் கடந்துவிடும், அதனால் நீங்களும் ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு நகர வேண்டியிருக்கும். இதற்கு மட்டும் முதல் நாளைவிடப் பௌர்ணமி நாளே பொருந்தும், மேலே சொன்ன நேரக் கணக்கைப் பாருங்கள். ஒட்டவைப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஒட்டவைத்தது என்று சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

நிலா வெளிச்சத்துல கொரங்காடு, வேலி எல்லாம் தெரியோணும், நடுவுல நெருப்பு சின்னதா. அதுக்கு?

இப்போதுதான் நிலா நிஜமாக வேலை செய்கிறது. நெருப்பை விட்டு நன்றாகத் தள்ளிப்போங்கள். படத்தில் அது ஒரு நெல்லிக்காய் அளவுக்கு மேல் தெரியாதபடி. ட்ரைபாட், ஐஎஸ்ஓ 1600, எஃப் 2.8, நாலு விநாடி. கிளுவை வேலியின் நிழலும் வெள்வேலானின் குடையும் பகல் போலப் பதியும். நெருப்பு வெளுத்துத்தான் போகும், ஆனால் சின்னதாக இருப்பதால் உறுத்தாது. உறுத்தினால், அதே இடத்திலிருந்து நெருப்புக்கு மட்டும் 1/125ல் இன்னொரு படம் எடுத்து எடிட்டிங்கில் அந்தப் பகுதியை மட்டும் மாற்றலாம். போன்காரர்கள் நைட் மோடை இங்கே தாராளமாகப் போடலாம், போனைக் கல்லின் மேல் சாய்த்து வைத்து.

படத்துக்காக நீங்களே தீ மூட்டுவதாக இருந்தால் தோட்டத்துக்குள் வெறும் தரையில், பக்கத்தில் தண்ணீரோடு, காற்று இல்லாதபோது. சத்தியமங்கலம், ஆனைமலை, வெள்ளியங்கிரி அடிவாரம் என்று காட்டோரத்தில் வெய்யக்காலத்தில் மூட்டவே கூடாது. காய்ந்த புல்லில் ஒரு பொறி போதும்.

குண்டத்துக்கு எவ்வளவு கிட்டப் போலாம்?

முகத்தில் சுள்ளென்று உறைத்தால் அது லென்ஸுக்கும் அதிகம். 85, 100 மிமீ லென்ஸில் தள்ளி நின்று எடுப்பதே உங்களுக்கும் பூசாரிக்கும் நிம்மதி. லென்ஸில் சாம்பல் விழுந்தால் துண்டால் துடைக்காதீர்கள். சாம்பலில் இருக்கும் துகள் கண்ணாடியைக் கீறும். முதலில் ரப்பர் புளோயரால் ஊதி, பிறகு துடையுங்கள். குண்டத்தின் பக்கத்தில் லென்ஸ் மாற்றவும் வேண்டாம். நைலான் சட்டை வேண்டாம், பருத்தி போட்டுக்கொண்டு போங்கள்.

கோயில்ல எடுக்க விடுவாங்களா? யாராச்சும் திட்டுனா?

கேட்டுவிட்டு எடுங்கள். 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கோயில்களுக்குள் கைபேசிக்குத் தடை விதிக்கச் சொல்லி உத்தரவிட்டது. கம்பமும் குண்டமும் பெரும்பாலும் வெளியில் நடந்தாலும், எது உள்ளே எது வெளியே என்று கோயில்காரர்கள்தான் சொல்வார்கள். பெரிய கோயில்களில் காவல்துறை கயிறு கட்டி நிறுத்தும் இடத்தோடு சரி. சின்ன ஊரில் பூசாரியிடமோ ஊர்ப் பெரியவரிடமோ பகலிலேயே போய், "ஏனுங்க மாமா, ராத்திரி கம்பத்துல நாலு போட்டோ எடுத்துக்கட்டுங்களா?" என்று கேட்டால் மறுப்பவர் குறைவு. நல்ல இடத்தையும் அவரே காட்டிவிடுவார்.

அருள் வந்து ஆடுபவர்களின் முகத்துக்கு நேராகக் கேமராவை நீட்டாதீர்கள். ஈரச் சேலையோடு தண்ணீர் ஊற்றும் பெண்களையும் கேட்காமல் எடுக்காதீர்கள். குண்டத்தில் யாராவது தடுமாறி விழுந்தால் கேமராவை இறக்கிவிட்டு வழி விடுங்கள். அந்தப் படம் உங்களுக்கு வேண்டாம்.

ட்ரோன்ல மேலருந்து எடுத்தா குண்டம் சூப்பரா இருக்குமில்லீங்ணா?

இருக்கும். ஆனால் கூட்டத்துக்கு மேலே, அதுவும் நெருப்புக்கு மேலே பறக்க விடுவது எனக்கு உடன்பாடில்லை. மேலெழும் அனலில் ட்ரோன் நிலைதடுமாறும். கீழே இருப்பது வெறுங்காலோடு நிற்கும் ஜனம். 2021 ட்ரோன் விதிகளின்படி எங்கே பறக்கலாம் என்பதை டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். கோவை விமான நிலையமும் சூலூர் விமானப்படைத் தளமும் இருப்பதால் நம் பக்கம் கட்டுப்பாடு அதிகம். பண்ணாரி சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தை ஒட்டி இருப்பதால் அங்கே அந்த யோசனையே வேண்டாம்.

எடிட்டிங்ல நெழலைத் தூக்குனா மண்ணு மண்ணா வருது. எவ்வளவு தூக்கலாம்?

கொஞ்சம்தான். முதல் கேள்வியில் சொன்ன கணக்கை நினைத்துப் பாருங்கள். அங்கே பதியவே இல்லாத வெளிச்சத்தை எடிட்டிங் எங்கிருந்து கொண்டுவரும்? முகத்தில் ஒரு ஸ்டாப் தூக்கலாம். பின்னணியை விட்டுவிடுங்கள், முடிந்தால் இன்னும் கொஞ்சம் கருப்பாக்குங்கள். செறிவை ஏற்றும் சிலைடரைத் தொடாதீர்கள், நெருப்பில் ஏற்கெனவே வேண்டிய அளவுக்கு மேல் நிறம் இருக்கிறது.

கோயிலுக்கு மாட்டறதுக்குப் பிரிண்ட் போட்டேன், போன்ல பளிச்சுன்னு இருந்தது, பிரிண்டுல இருட்டா வந்திருச்சு. ஏனுங்க?

போன் திரை தானே ஒளி விடுகிறது, அதுவும் நீங்கள் முழுப் பிரகாசத்தில் வைத்துப் பார்த்திருப்பீர்கள். காகிதம் சுவரில் விழும் வெளிச்சத்தைத்தான் திருப்பிக் காட்டும். திரையின் பிரகாசத்தைப் பாதிக்குக் குறைத்து, ட்யூப்லைட் எரியும் அறையில் பார்த்து எடிட் செய்யுங்கள். பிறகு முக்கால் ஸ்டாப் கூட்டி 4x6 அளவில் ஒரு சோதனைப் பிரிண்ட் போட்டுப் பாருங்கள். கோயிலில் படத்துக்கு எதிரே ட்யூப்லைட் இருக்கும். கருப்பு அதிகமான படம் என்பதால் பளபளப்புத் தாளில் எதிர்ப்பக்கத்து விளக்குதான் தெரியும். மேட் தாள் கேட்டு வாங்குங்கள்.